மிட்டாய்த் தாளில் இரண்டு முகங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த படிவத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பதின்மூன்றுக்கு அந்த வீட்டில் பதில் இருந்தது. கடை எத்தனை வருஷமாக நடக்கிறது, மிட்டாயில் என்னென்ன சேர்க்கிறீர்கள், சாயம் எங்கே வாங்குகிறீர்கள் என்பதற்கெல்லாம் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் கையாலேயே பதில் எழுதினார். வேலைக்கூடத்தில் எலி உண்டா என்ற கேள்விக்கு மட்டும் 'இதுவரை இல்லை' என்று எழுதிவிட்டு, சற்று யோசித்து, 'இதுவரை'யை அடித்தார். பதினான்காவது கேள்வியே அல்ல. அது ஒரு கட்டம். இரண்டு விரல் அகலம் இருக்கும். மேலே 'நிறுவனத்தின் சின்னம்' என்று அச்சடித்திருந்தது.

பெரியவர் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவருடைய தம்பி. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா பதின்மூன்று பதில்களையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது காலியா இருக்கே?"

"எங்களுக்குச் சின்னம் ஒண்ணும் கிடையாதுங்க."

"அப்படின்னா இந்தப் படிவத்த நான் வாங்க முடியாது. கட்டம்னு ஒண்ணு இருந்தா அதுக்குள்ள ஏதாவது இருக்கணும்ல. மிட்டாய்த் தாள்லயும் அதே சின்னம் வரணும். பேர் தெரியாத மிட்டாயப் பிள்ளைங்க கையில கொடுக்க முடியுமா?"

ஆண்டு விழாவுக்கு மூவாயிரம் மிட்டாய். அதுவரை அந்தக் கடைக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தெருப் பிள்ளைகள் அதை 'மிட்டாய்க் கடை' என்றுதான் சொல்லிவந்தார்கள். தெருவில் வேறு மிட்டாய்க் கடை இல்லாததால் குழப்பம் வரவில்லை. தம்பி வந்து செய்தியைச் சொன்னதும், அன்று சாயங்காலத்திலிருந்தே, இத்தனை வருஷமாக இல்லாத ஒன்று இல்லாமற்போனதுபோல வீட்டில் ஒரு வருத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவர் கண்ணில் எங்கு பார்த்தாலும் சின்னமாகவே பட்டது. சிமெண்ட் மூட்டையில் யானை, தீப்பெட்டியில் மயில், தலைவலித் தைலத்தில் ஒரு தாடிக்காரர்.

"குப்பை வண்டிக்குக்கூட இருக்கு. நமக்கு இல்ல" என்று சாப்பிடும்போது சொன்னார்.

அண்ணன் தம்பி இருவரும் கூட்டாக நடத்திய கடை அது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வேலைக்கூடம், மாடியில் வீடு. பெரியவர் கல்லாவில் உட்காருவார். சின்னவர் வண்டியில் தகர டப்பாக்களை ஏற்றிக்கொண்டு சிறு கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். 'நிர்வாகம்', 'விநியோகம்' என்று அவர்களே அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். மிட்டாய் செய்வதற்குத் தனியாகப் பேர் வைக்கவில்லை. அதை அவர்களுடைய மனைவிமார் இருவரும் செய்தார்கள்.

வேலைக்கூடத்தின் நடுவில் ஆறடி நீளத்துக்கு ஒரு பளிங்குக் கல் கிடந்தது. கொதிக்கும் சர்க்கரைப் பாகு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கண்ணாடிபோல உடைகிற பதம் வந்ததும், அந்தக் கல்லின்மேல் கொட்டப்படும். அதன்பிறகு நிற்க நேரமில்லை. ஓரம் முதலில் ஆறும். ஆறுகிற ஓரத்தை மடித்து நடுவுக்குத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் தள்ளுவதற்குள் எதிர்ப்பக்கம் இறுகத் தொடங்கும். ஆகவே கல்லுக்கு இந்தப் பக்கம் மூத்தவளும் அந்தப் பக்கம் இளையவளும் நின்று, கையுறையில் எண்ணெய் தடவிக்கொண்டு, மாற்றி மாற்றி மடிப்பார்கள். மூத்தவளுக்கு வலது கைப் பழக்கம், இளையவளுக்கு இடது கை. எதிரெதிரே நின்றால் இருவர் கையும் ஒரே பக்கம் போய்வரும், இடித்துக்கொள்ளாது. பதினொரு வருஷமாக இது பேச்சில்லாமல் நடந்துவந்தது. பேச்சு இருந்தது, பாகைப் பற்றி இல்லை.

இளையவள் வருவதற்குமுன் ஆறு வருஷம் மூத்தவள் தனியாகச் செய்திருந்தாள். முழங்கைக்குக் கீழே அதற்கு அடையாளங்கள் இருந்தன. கூலிக்கு வந்தவர்கள் முதல் கொப்புளத்தோடு நின்றுவிடுவார்கள்.

சின்னம் போட்டுக் கொடுக்க ஒரு டிசைனர் வந்தார். கழுத்தில் சால்வை, முதுகில் பை, காலில் சத்தமே போடாத செருப்பு. வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கும் பல் மருத்துவமனை ஒன்றுக்கும் சின்னம் போட்டவர். பல் மருத்துவமனைச் சின்னத்தில் பல் இல்லை என்றும், அதுதான் அதன் சிறப்பென்றும் வந்தவுடன் சொன்னார். பெரியவருக்கு அது புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடியது.

"முதல்ல ஒரு கேள்வி கேட்டுக்கறேன் சார்" என்றார் டிசைனர். "உங்க கடைய ஒரு மனுஷன்னு வச்சுக்குங்க. எப்படிப்பட்ட மனுஷன்?"

பெரியவர் கண்ணை மூடி யோசித்தார். "பொறுப்பானவரு. கொஞ்சம் கண்டிப்பு உண்டு. ஒரே இடத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் கவனிக்கிறவரு" என்றார்.

சின்னவர் கண்ணை மூடாமலே பதில் சொன்னார். "சுறுசுறுப்பானவன் சார். நாலு இடம் போய்வந்து நாலு பேரைத் தெரிஞ்சவன்."

டிசைனர் இரண்டையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது அந்த இரண்டு மனுஷர்களும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டார். சின்னத்தில் முகம் வர வேண்டும் என்பது அப்போது முடிவாயிற்று.

தேநீர் கொண்டுவந்த மூத்தவளிடமும் மரியாதைக்குக் கேட்டார். அவள், உள்ளே வந்து பார்த்தால் தெரியும் என்றாள். டிசைனர் எழுந்து வேலைக்கூடத்து வாசல்வரை போனார். அடுப்பிலிருந்து வந்த ஆவி அவர் கண்ணாடியில் படிந்து வெள்ளையாக்கிவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தார். "நான் வெளியிலிருந்து பார்க்கிறவன். அதுதான் என் பலம்" என்றார். அந்தப் பலத்துடன் இரண்டு வாரம் வேலை செய்தார்.

முதலில் கொண்டுவந்தது சீட்டுக்கட்டு ராஜாவைப்போல இருந்தது: மேலே ஒரு முகம், கீழே தலைகீழாக ஒரு முகம், எப்படித் திருப்பினாலும் ஒருவர் நேராக இருப்பார். எப்படித் திருப்பினாலும் ஒருவர் தலைகீழாக இருப்பார் என்பதை அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள். இரண்டாவதில், ஒரே முகத்தில் இடப்பாதி அண்ணனுடையது, வலப்பாதி தம்பியுடையது. சேர்த்துப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள்போல இருந்தது. மூன்றாவதுதான் நின்றது. இரண்டு முகங்களும் பக்கவாட்டில், ஒன்றையொன்று பார்த்தபடி. மேலே நடுவில் ஒரு கிரீடம். கீழே 'இனிமையின் ஆட்சி' என்று ஒரு வரி.

டிசைனர் அதைக் கணினியில் ஒவ்வொன்றிலும் ஒட்டிக் காட்டினார். விசிட்டிங் கார்டில், சட்டைப் பையில், பேருந்தின் பக்கவாட்டில், கடைசியாக ஒரு விமானத்தின் வாலில்.

"விமானம் எதுக்கு சார்?" என்று சின்னவர் கேட்டார்.

"எதிர்காலம்" என்றார் டிசைனர்.

மிட்டாயில் ஒட்டிக் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்று முழுவதும் இரண்டு பேருக்கும் சந்தோஷம். விமானத்தின் வாலில் தம் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் எப்படி உடனே கல்லாவில் உட்காருவார்? பெரியவர் ஒரு மணி நேரம் கடைக்கு வெளியே நின்று வானத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில்தான் சின்னவர் சாப்பாட்டின் நடுவில் கேட்டார், அண்ணன் முகம் இடப்பக்கம் இருக்கிறதே, யார் முடிவு செய்தது என்று.

"யாரு முடிவு பண்ணணும்? இடப்பக்கம் இருந்துதானே படிக்கிறோம். மூத்தவன் முதல்ல வர்றான்" என்றார் பெரியவர்.

"அப்ப நான் அடிக்குறிப்பா?"

இப்படித்தான் தொடங்கியது. பக்கம் மாற்றலாம் என்று டிசைனர் சொன்னார், பெரியவர் மறுத்தார். ஒருவரை மேலும் ஒருவரைக் கீழுமாக வைக்கலாம் என்றார். யார் கீழே என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். கிரீடம் அண்ணன் பக்கம் அரை விரல்கடை சாய்ந்திருப்பதாகச் சின்னவர் அளவுகோல் வைத்துக் காட்டினார். இருபத்திரண்டு வருஷமாகத் தான்தான் வெயிலில் சுற்றுவதாகச் சொன்னார். தான் உட்கார்ந்த நாற்காலியில் பள்ளம் விழுந்திருப்பதைப் பெரியவர் சுட்டிக்காட்டினார். நாலாம் நாள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "அவன்கிட்ட சொல்லு, டப்பா ரெண்டு குறையுதுன்னு" என்று பெரியவர் மனைவியிடம் சொல்வார். மூன்றடி தள்ளி நிற்கும் சின்னவர் அதைக் கேட்டுவிட்டு, "அண்ணி, நேத்தே சொல்லியாச்சுன்னு சொல்லுங்க" என்பார். மூத்தவள் எதையும் சொல்லமாட்டாள். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. சின்னவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருப்பதாகவும், தனியாகப் போய்விட்டால் தம் முகத்தை மட்டும் போட்டுத் தனிச் சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்றும் மனைவியிடம் சொன்னார். பெரியவர் காதுக்கு இது போனது. அவர் கோபப்படவில்லை. நியாயஸ்தராக இருக்கத் தீர்மானித்தார். அது கோபத்தைவிட மோசமாக முடிந்தது.

கல் அறுக்கிறவர் ஒருவரை அழைத்துவந்து, பளிங்குக் கல்லை இரண்டு சமபாதியாக அறுக்க முடியுமா என்று கேட்டார். கல்காரர் தட்டிப் பார்த்தார். நல்ல கல், அறுக்கலாம் என்றார். காதிலிருந்த சாக்கட்டியை எடுத்து நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டார். சனிக்கிழமை மெஷினோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"பாகப்பிரிவினைன்னா எல்லாத்தையும் சரிபாதியா கொடுத்துடணும். நாளைக்கு நம்மள ஒரு சொல் சொல்லக் கூடாது" என்றார் பெரியவர், மனைவியைப் பார்த்து.

மூத்தவள் கோட்டைப் பார்த்தாள். "மூணடிக் கல்லுல எவ்வளவு பாகு ஊத்தறது?"

"பாதி ஊத்து."

"ஊத்திட்டு? எதிர்ப்பக்கம் யாரு நிப்பா?"

பெரியவருக்கு அந்தக் கேள்வி நிர்வாகத்துக்குள் வருமா என்று தெரியவில்லை. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு எலுமிச்சை மிட்டாய். இருவரும் பாகு இறக்கும்முன் ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார்கள். சாக்கட்டிக் கோடு அழிந்தது, ஆனால் கல்லின் நுண்துளையில் கொஞ்சம் வெள்ளை தங்கிவிட்டது. பாகு அதன்மேல் பரவி மஞ்சளாகத் தளதளத்தது. இளையவள் இடது கையால் ஓரத்தை மடித்துத் தள்ளினாள், மூத்தவள் வாங்கி மடித்தாள்.

"அந்தக் கடையில பின்பக்கம் ஜன்னலே இல்லக்கா" என்றாள் இளையவள். "நேத்துக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. அடுப்பு வச்சா நான்தான் முதல்ல வேகணும்."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்குன்னேன். வேற என்ன சொல்றது. தனியா போனா நானே ராணின்னாரு. யாரு வேலைக்காரின்னு கேக்கலாம்னு நெனச்சேன், வண்டி ஓட்டிட்டு இருந்தாரு, விட்டுட்டேன்."

"ஒத்தையா ஆறு வருஷம் கிண்டினவ நான். பாதிக் கல்லுன்னா பாதி வேலைன்னு நினைக்கிறாங்க. முழுப் புண்ணு ஒண்ணு, அதான் கிடைக்கும்" என்றாள் மூத்தவள். பிறகு, "மடி, மடி. அந்தப் பக்கம் இறுகுது" என்றாள்.

டிசைனர் அனுப்பிய மாதிரித் தாள்கள் பத்து நாளாக ஜாடிக்கு அடியில் கிடந்தன. மெழுகுத் தாளில் அசல் அளவில் அச்சடித்து, மிட்டாய்த் தாளுக்கென்று வெட்டியிருந்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்தில் மற்றதை அடிப்பார்கள். வியாழக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் ஆண்டு விழாவுக்குள் தாள் வராது. கடிதத்தைப் பெரியவர் மேசையில் வைத்திருந்தார். அவர் கையெழுத்துப் போடத் தயார், தம்பி முதலில் போட வேண்டும். தம்பியும் தயார், பக்கத்தை மாற்றினால்.

அன்று மத்தியானம் மிட்டாய் ஆறியபின் இருவரும் சுற்ற உட்கார்ந்தார்கள். சாதாரண வெள்ளைத் தாள் தீர்ந்திருந்தது. மூத்தவள் ஜாடிக்கு அடியில் கையைவிட்டு எடுத்தது மாதிரித் தாள். எடுத்ததை வைப்பானேன் என்று, கை வாக்கில் ஒரு மிட்டாயை நடுவில் வைத்து, உருட்டி, இரு ஓரத்தையும் முறுக்கினாள். பதினேழு வருஷப் பழக்கம். முறுக்கும்போது பார்ப்பது வழக்கமில்லை. இளையவள்தான் பார்த்தாள்.

"அக்கா, முகத்தக் காணோம்."

மூத்தவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். பெரியவர் முகம் இடப்பக்க முறுக்குக்குள் போயிருந்தது. காது வழியாகக் கழுத்துவரை பிழிந்தெடுத்ததுபோல ஒரு சுருக்கம். சின்னவர் முகம் வலப்பக்க முறுக்கில். கிரீடம் முதுகுப்பக்கம் போய் மடிப்பில் மாட்டிக்கொண்டது. 'இனிமையின் ஆட்சி'யில் 'ஆட்' மட்டும் விளிம்பில் எட்டிப்பார்த்தது. நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், இரண்டு மூக்குகள் நுனியோடு நுனி தொடுகிறாற்போல நின்றன.

இளையவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் சிரிக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்தாள், இன்னொரு மிட்டாயைச் சுற்றினாள். அதிலும் மூக்கு. அவர்கள் கை அப்படி. மிட்டாய் நடுவில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் முறுக்கப் போதுமான தாள் இருக்கும்.

"போய்ச் சொல்லிடலாமாக்கா? மறுபடி வரையச் சொல்லுவாங்க."

"மறுபடி வரைய ரெண்டு வாரம். அதுக்குள்ள சனிக்கிழமை வந்துரும்." மூத்தவள் தாளை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் அளந்தாள். மிட்டாயை நடுவில் வைக்காமல் இடப்பக்கமாகத் தள்ளி வைத்தாள். உருட்டினாள். இடது முனையில் முறுக்குவதற்குத் தாளே இல்லை. ஒரு சொட்டுப் பாகைத் தொட்டு ஒட்டினாள். வலது முனை எலிவால்போல நீண்டது. அதை முறுக்கிக் கத்திரியால் நறுக்கினாள். இப்போது நடுவில் பெரியவர் முகம் மட்டும் முழுசாக, நெற்றி முதல் முகவாய்வரை, கௌரவமாக இருந்தது.

இளையவளும் தாளை எடுத்து, இடது கையால், வலப்பக்கமாகத் தள்ளி ஒன்று சுற்றினாள்.

மூத்தவள் தன்னுடையதை அன்று சாயங்காலம் கணவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"அவன் எங்கே?"

"முறுக்குல போயிட்டாரு."

பெரியவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அவனுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

"சொல்லாதே." கொஞ்ச நேரம் மிட்டாயை உள்ளங்கையில் வைத்திருந்தார். "பாவம், தாள்ல இருக்கறது இருந்துட்டுப் போகட்டும். கடைசியில எது கண்ணுல படுதோ அதானே. சின்னவன் மனசு நோகக் கூடாதும்மா. வேணும்னா பக்கத்தக்கூட மாத்திக்கச் சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல."

"பக்கத்த மாத்தினா மாறிடும்" என்றாள் மூத்தவள்.

"அப்ப மாத்த வேணாம். இப்படியே இருக்கட்டும்."

மாடியில் இன்னொரு அறையில், ஏறக்குறைய அதே நேரத்தில், சின்னவரும் கதவைச் சாத்தினார். அவர் சொன்னது இதைவிடச் சுருக்கம். அண்ணன் வயசானவர், இடப்பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், பெருந்தன்மை என்று ஒன்று வேண்டும் அல்லவா என்றார். அந்த மிட்டாயைத் தின்னாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். முதலில் அவன் போடட்டும், இல்லை அண்ணன் போடட்டும் என்று டிசைனர் வழியாக ஐந்து நிமிஷம் உபசாரம் நடந்தது. டிசைனர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்; ஒரு நல்ல சின்னம் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் என்று தாம் முன்பே ஒரு கூட்டத்தில் பேசியிருப்பதாகச் சொன்னார். படிவத்தின் கட்டத்தில் இரண்டு முகங்களும் கிரீடமும் ஒட்டப்பட்டன. குமாஸ்தா பார்த்துவிட்டு, "இப்பதான் சரி" என்றார். பேருந்து நிலையத்துக் கடையில் வெயில் அதிகம் அடிக்கிறது என்று சின்னவர் சொல்லியனுப்பினார். கல்காரரிடம் பெரியவர் தொலைபேசியில் பேசினார். கல்லில் விரிசல் இருப்பதுபோலத் தெரிகிறது என்றார். அப்படி எதுவும் இல்லையே, நான் தட்டிப் பார்த்தேனே என்றார் கல்காரர். சரி, இனிமேல் விரிசல் விடலாம், அறுக்க வேண்டாம், எதற்கு வம்பு என்று பெரியவர் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நாலு நாள் இரண்டு பெண்களும் மூவாயிரம் மிட்டாய்க்குப் பாகு காய்ச்சினார்கள். எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, புதினாப் பச்சை. ஆறவைத்து நறுக்கித் தகரங்களில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினார்கள். கை ஓய்ந்த நேரத்தில் இளையவள் ஒரு தடவை கேட்டாள், தாள் வந்தபிறகு என்னக்கா பண்றது என்று. மூத்தவள், தாள் வரட்டும் என்றாள்.

அச்சகத்தில் மெஷின் பழுதாகி, தாள் விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் வந்தது. கூடவே மழையும் வந்தது. விடிகாலையிலிருந்து மூட்டமாக இருந்த வானம் தாள் கட்டைப் பிரிக்கும்போது கொட்டத் தொடங்கியது. மழைக் காற்று பட்டால் மிட்டாய் வியர்க்கும். ஒரு தகரத்தைத் திறந்தால் கால் மணி நேரத்துக்குள் அதிலுள்ளது அத்தனையும் தாளுக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். நாலு கை போதாது என்பது முதல் தகரத்திலேயே தெரிந்துவிட்டது.

மூத்தவள் கடைப்பக்கம் வந்து, "கொஞ்சம் வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

மழையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. வண்டியும் வெளியே போகவில்லை. நிர்வாகமும் விநியோகமும் எழுந்து வேலைக்கூடத்துக்கு வந்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் மனைவிக்குப் பக்கத்தில் பெரியவரும் அந்தப் பக்கம் சின்னவரும் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் மிட்டாய்க் குவியல், அடுக்கடுக்காகத் தாள். ஒவ்வொரு தாளிலும் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவர் ஒரு தாளை எடுத்து, தம் முகத்தின்மேல் மிட்டாயைச் சரியாக வைத்து, உருட்டி, முறுக்கினார். இடது முனையில் பிடிக்க ஒன்றுமில்லை. மிட்டாய் நழுவிக் கல்லில் விழுந்து ஓடிற்று.

"நடுவுல வைங்க" என்றாள் மூத்தவள். அவள் கை நிற்கவில்லை. அவளுக்கு முன்னால் ஏற்கெனவே முப்பது சேர்ந்திருந்தது.

அவர் மறுபடி ஓரத்தில் வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவதை நடுவில் வைத்தார். நன்றாக முறுக்க வந்தது. கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மனைவியின் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். குனிந்து, அவள் காதருகில், மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நீ காட்டினது?"

"அது ஒண்ணு" என்றாள் மூத்தவள், அதே மெதுவான குரலில். "ஒண்ணுன்னா எப்படி வேணா சுத்தலாம். மூவாயிரம் அப்படிச் சுத்த முடியாது."

பெரியவர் நிமிர்ந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போது எதிர்ப்பக்கம் கண் போயிற்று. அங்கே தம்பியும் குனிந்து தன் மனைவி காதருகில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். இளையவள் தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டு நிமிர்ந்த தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று பெரியவர் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து, அண்ணன் பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டான்.

தன் முகம் எங்கே என்று கேட்பதானால், உன் முகம் போய்விடும் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன் என்று முதலில் சொல்ல வேண்டும். அதை இந்தப் பக்கமிருந்தும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமிருந்தும் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் விளங்கிற்று. பெண்கள் இருவரும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். தாள் சரசரத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே" என்றார் சின்னவர். ஒரு மாதத்துக்குப் பிறகு, இடையில் ஆள் வைக்காமல் நேராகச் சொன்ன வார்த்தை. "மூக்கு நல்லா வந்திருக்கு."

"ம்" என்றார் பெரியவர். தம் கையிலிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல எது உன்னது?"

சின்னவர் எட்டி வாங்கிப் பார்த்தார். திருப்பினார். தலைகீழாகத் திருப்பினார். தம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெரியலண்ணே."

"இங்க கொடு."

பெரியவரும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. அதை ஒத்துக்கொள்வது நிர்வாகத்துக்கு அழகல்ல. மிட்டாயைக் கல்லில் வைத்துவிட்டு, தம்பி சுற்றியிருந்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"முறுக்கு தளர்வா இருக்கேடா. இன்னும் ரெண்டு சுத்து சுத்து. இந்தா, இப்படி" என்றார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட வேலையில் அவர் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தம்பி தலையாட்டிக்கொண்டே கேட்டார். கல்லின் இரு பக்கத்திலும் இருந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "இது முடியப் போகுதுக்கா" என்று சொல்லிவிட்டு, இளையவள் அடுத்த தகரத்தைத் திறந்தாள்.